ஃபைனலுக்குத் திரும்பும் முன் எங்கே பார்ப்பது?

கேள்வி: சிறிய விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்து வருகிறேன். எங்கள் விமானத் தளத்தில் கட்டுப்பாட்டு டவர் கிடையாது. அண்மையில் ஃபைனலுக்கு (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பாதைக்கு) திரும்பிய பிறகுதான், எனக்குக் கீழே இன்னொரு விமானம் அதே ஓடுபாதையில் இறங்கப்போவதைப் பார்த்தேன். உடனே மேலேறிவிட்டேன். "வெளியே நன்றாகப் பாருங்கள்" என்கிறார் பயிற்றுநர். எங்கே, எப்படிப் பார்ப்பது? மற்ற விமானங்களைக் காட்டும் டேப்லெட் போதாதா?

பதில்: மேலேறியது சரியான முடிவு. இறங்க வரும் இரண்டு விமானங்களில் கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலேறும்போது விமானத்தின் மூக்கு உயர்வதால் கீழே இருப்பவர் உங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார். அவரும் அதே நேரத்தில் மேலேற முடிவு செய்தால் உங்கள் வயிற்றுக்கு அடியில் வந்து நிற்பார். அதனால் நேராக ஏறாமல், சர்க்யூட் (ஓடுபாதையை ஒட்டி விமானங்கள் சுற்றி வரும் செவ்வகப் பாதை) இல்லாத பக்கமாகச் சற்று விலகி, அவரைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

சரி, எங்கே பார்ப்பது? சிறு விமானங்களின் மோதல்களில் பெரும்பாலானவை பகல் வெளிச்சத்தில், தெளிவான வானத்தில், விமானத் தளத்துக்கு அருகில்தான் நடக்கின்றன. நல்ல வானிலையில்தான் எல்லோரும் பறக்க வருகிறார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே ஓடுபாதையின் நுனிக்கு வந்து சேர்கிறார்கள். நேருக்கு நேர் மோதுவது குறைவு. வேகமான விமானம் மெதுவானதைப் பின்னாலிருந்தோ மேலிருந்தோ எட்டிப் பிடிப்பதே அதிகம். ஆகவே வானம் முழுவதையும் பொதுவாகத் துழாவாதீர்கள். இந்த நொடியில் எனக்கு ஆபத்தான விமானம் இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு, அங்கே பாருங்கள்.

இடப்பக்கச் சர்க்யூட் என்று வைத்துக்கொள்வோம். டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதியில்) சேரும் முன்பே சர்க்யூட் உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அதற்குள் இறங்கிக்கொண்டே நுழைவது, கீழே இருப்பவரின் தலைமேல் இறங்குவதற்குச் சமம். பேஸில் (டவுன்விண்டிலிருந்து ஃபைனலுக்குக் குறுக்காகப் போகும் பகுதியில்) இருக்கும்போது எல்லோருடைய கண்ணும் தானாக இடப்பக்கம், ஓடுபாதையை நோக்கிப் போகும். ஆனால் நீண்ட ஃபைனலில் நேராக வருபவர் உங்கள் வலப்பக்கம் இருப்பார்; எதிர்ப்பக்கப் பேஸில் வருபவர் நேர் முன்னால் இருப்பார். திரும்பும் முன் வலது பக்கம், உங்கள் உயரத்திலும் அதற்கு மேலும் கீழும் பாருங்கள். உங்களுக்கு நடந்ததைத் தடுத்திருக்கக்கூடியது அநேகமாக இந்த ஒரு பார்வைதான். இறக்கை மேலே உள்ள விமானமானால், திரும்பும்போது தாழும் இறக்கை உங்கள் பார்வையை மறைக்கும். திரும்பும் முன் அதை ஒரு கணம் உயர்த்திப் பாருங்கள். கீழ் இறக்கை விமானமானால் மறைவது கீழ்ப்பக்கம். மேலே கீழ் இறக்கை விமானம், அதற்கு நேர் கீழே மேல் இறக்கை விமானம் என்று அமைந்துவிட்டால் இருவருமே ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இந்த அமைப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

அப்புறம், பார்க்கும் விதம். கண்ணை வேகமாக ஓட்டினால் எதுவும் தெரியாது. சுமார் 10 பாகை அகலத் துண்டுகளாக வானத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வினாடியாவது கண்ணை நிறுத்துங்கள். வெறும் நீலத்தைப் பார்க்கும் கண், தானாகவே சில அடி தொலைவுக்குக் குவிந்துவிடும். அவ்வப்போது தொடுவானத்தில் எதையாவது பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு விமானம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நகராமல் அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால், அதுதான் மோத வருவது. நகராத பொருளைக் கண் எளிதில் தவறவிடும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னாலும் ஒன்று ஒளிந்திருக்கலாம். தலையை அசைத்துப் பாருங்கள்.

இன்னொரு விமானத்தைக் கண்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானம் விலகத் தொடங்க 12.5 வினாடி ஆகும் என்பது பயிற்சிகளில் சொல்லப்படும் கணக்கு. இரு விமானங்கள் தலா 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த நேரத்தில் இடைவெளி சுமார் 1,300 மீட்டர் குறையும். அவ்வளவு தொலைவில் 11 மீட்டர் இறக்கை, முழு நிலவின் அகலத்துக்கு ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

ரேடியோ உதவும். ஆனால் அது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் கருவி மட்டுமே. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் விமான நிலையத்தில், டவர் இல்லாத இடத்தில், சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152-உம் நேரே ஃபைனலில் மிக வேகமாக வந்த செஸ்னா 340-உம் மோதி மூவர் இறந்தனர். இருவருமே ரேடியோவில் தங்கள் இடத்தை அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். "3 மைல் ஃபைனல்" என்று கேட்டால் தொலைவை நிமிடமாக மாற்றுங்கள். 60 நாட்டில் வருபவருக்கு அது 3 நிமிடம். 180 நாட்டில் வருபவருக்கு ஒரே நிமிடம். என்ன விமானம், என்ன வேகம் என்று தயங்காமல் கேளுங்கள். அவரைக் கண்ணால் பார்க்கும் வரை பேஸுக்குத் திரும்பாமல் டவுன்விண்டை நீட்டிப் போங்கள். ரேடியோவே இல்லாத விமானங்களும் உண்டு என்பதால், அலைவரிசை அமைதியாக இருந்தால் வானம் காலி என்று அர்த்தமில்லை.

டேப்லெட்டுக்கும் இதே பதில்தான். ஏடிஎஸ்-பி கருவி (விமானத்தின் இடத்தைத் தானாக ஒலிபரப்புவது) இல்லாதவர் அதில் தெரியாமல் போகலாம். தெரிபவரின் இடமும் சில வினாடி பழையதாக இருக்கலாம். சர்க்யூட்டுக்கு வரும் முன் அதைப் பார்த்து மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். உள்ளே வந்த பிறகு கண் வெளியேதான் இருக்க வேண்டும். செக்லிஸ்டையும் முடிந்தவரை சர்க்யூட்டுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். லேண்டிங் விளக்கை எரியவிடுங்கள்.

நாளை டவர் உள்ள இடத்துக்குப் போனாலும் பார்க்கும் பொறுப்பு உங்களுடையதே. கண்டுவிட்டேன் என்று சொல்லும் முன், டவர் சொன்ன விமானம் அதுதானா என்று உறுதி செய்யுங்கள். இணை ஓடுபாதைகள் இருந்தால் இன்னும் கவனம். 2021 மே மாதம் டென்வர் அருகே சென்டென்னியல் விமான நிலையத்தில் ஒரு சிரஸ் விமானம் ஃபைனலுக்குத் திரும்பும்போது தன் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிப் பக்கத்து ஓடுபாதையின் பாதைக்குள் போய், அங்கே இறங்கிக்கொண்டிருந்த மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் மோதியது. சிரஸ், முழு விமானத்தையும் தாங்கும் தன் பாராசூட்டில் இறங்கியது, மெட்ரோலைனர் கிழிந்த உடலோடு தரையிறங்கியது, எல்லோரும் தப்பினர். அதனால் அப்படிப்பட்ட இடத்தில் சற்று முன்கூட்டியே, வேகத்தைக் குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள். கோட்டைத் தாண்டப்போகிறது என்று தெரிந்தால் இன்னும் சாய்த்து இழுத்துப் பிடிக்க முயலாதீர்கள், தாழ்வான உயரத்தில் அது ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழப்பதில்) முடியும். டவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்துப் பாதைக்குள் போகாமல் மேலேறி, மறுபடி சுற்றி வாருங்கள்.