வெளியே கருகல், உள்ளே பனிக்கட்டி

கீழக்கரை வாசகி ஒருவர் கேட்கிறார்: “நோன்பு மாதத்துக்காகச் சமோசாவும் மீன் கட்லெட்டும் செய்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது மேலும் கீழும் கம்பி சூடேறும் சிறிய ஓடிஜி ஓவன். 220 டிகிரியில் வைத்தால் ஓரத்தில் உள்ளவை கருகுகின்றன. நடுவில் உள்ளவை உள்ளுக்குள் சில்லென்றே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்கிறது. கடைக்காரர் காற்றாடி வைத்த கன்வெக்‌ஷன் ஓவன் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா?”

அவசரப்பட்டு வாங்காதீர்கள், சகோதரி. முதலில் கட்லெட்டுக்கு 220-ஐ விட்டு 180-க்கு வாருங்கள். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஆகும் வெப்பத்தில், உருகிய அந்த நீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். அத்தனை வெப்பமும் கட்லெட்டின் நடுவுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் அதற்குள் மேல்பக்கம் தீய்ந்துவிடும். அதனால் தட்டும்போதே எல்லாவற்றையும் ஒரே அளவாக, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மிகாமல் தட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, கல் போலான பிறகு பையில் போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மெல்லிய சமோசாவுக்கு 200 டிகிரி வைக்கலாம்.

இரண்டையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகவே ஓவனில் வைக்கலாம். மேலே லேசாக எண்ணெய் தடவி, விரல் அகல இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேல்கம்பி, கீழ்கம்பி இரண்டும் எரிய, தட்டு நடுவில் இருக்கட்டும். பாதி நேரத்தில் தட்டை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள்; ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதில்லை. உங்கள் ஓவனில் எந்த மூலையில் சூடு அதிகம் என்று அறிய, கம்பித்தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி ஒருமுறை சுட்டுப் பாருங்கள். முதலில் சிவக்கும் இடத்தில் இனி எதையும் வைக்காதீர்கள்.

ஓவனை முன்கூட்டிச் சூடாக்கப் பத்து நிமிடம் போதும் என்று கையேடு சொல்லும். அது 230 வோல்ட் சீராக வரும் வீட்டுக்குப் பொருந்தும். மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் அதே கம்பி தருவது ஏறத்தாழ அறுபது சதவீத வெப்பம்தான். மாலையில் விளக்கு மங்கினால் இருபது நிமிடமாவது சூடாக்குங்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிற மாவட்டம் இது. கடலோரத் தெருவின் கடைசி வீட்டுக்கு மட்டும் சாயங்காலம் முழு மின்னழுத்தம் வருவதில்லை. மின்வாரியத்தில் கேட்டால் “லோடு அதிகம்” என்கிறார்கள். லோடு அதிகம் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சரிசெய்வது யார் வேலை? வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள்.

உறைந்த மீனையும் இறாலையும் விலைக்கு வாங்குகிறவர்கள் தரகர்களிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இறால் உலராமலிருக்க மெல்லிய பனிப்பூச்சு தேவைதான். ஆனால் பூச்சு என்ற பெயரில் தண்ணீரை மீன் விலைக்கு விற்கிறார்கள். எடை கூடுவதற்காக, நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைப்பவர்களும் உண்டு. அந்த இறால் ஓவனில் நீர் விட்டு வேகுமே தவிர, சிவக்காது. குறை உங்கள் ஓவனில் இல்லை. பைக்குள் துண்டுகள் ஒரே பாளமாக ஒட்டியிருந்தாலோ, ஒரு மூலையில் பனி திரண்டிருந்தாலோ, இடையில் உருகி மீண்டும் உறைந்த சரக்கு என்று சந்தேகப்படுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் பழைய சரக்கைப் ‘புதுசு’ என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். பேச்சை நம்பாமல் பையை நம்புங்கள்.

நேராக ஓவனில் வைக்கலாம் என்றேன். தடித்த சீலா (வஞ்சிரம்) துண்டு அதற்கு விலக்கு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் என்றால் முதல்நாள் இரவே குளிர்பதனப்பெட்டியின் கீழ்த்தட்டில், தண்ணீர் சொட்டாத பாத்திரத்தில் வைத்து உருகவிடுங்கள். காற்றுப் புகாமல் அடைத்த பை என்றால் முதலில் பிரித்துவிடுங்கள். சமையல் மேடையில் வைக்கவே வேண்டாம். நம் ஊர் வெக்கையில் நடுப்பகுதி உருகுமுன் மேல்சதை கெடத் தொடங்கிவிடும். சீலா, சூரை, கானாங்கெளுத்தி ஆகிய மீன்களின் சதை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பதற்கு அதுதான் காரணம். நன்றாக வேகவைத்தாலும் அது அழியாது. மறுபடி உறையவைத்தாலும் போகாது. “நன்றாகத்தானே சுட்டோம்” என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அவசரமென்றால், பிரித்த மீனை நீர் புகாத வேறு பையில் போட்டு, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றி, உருகியதும் உடனே சுட்டுவிடுங்கள்.

கட்லெட் வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உணவில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நடுவில் 75 டிகிரி காட்ட வேண்டும்.

கன்வெக்‌ஷன் ஓவனில் காற்றாடி இருக்கிறது. சூடு சீராகப் பரவும், உண்மைதான். இத்தனையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள். கடையிலேயே ஓடவிட்டு, காற்றாடி சுழல்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பது போதாது. அதில் சுடும்போது நான் சொன்ன சூட்டில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.