பக்கத்து ஊர் எதிரணி

அன்புள்ள ஐயா,

ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மகன் கோர்வாலிஸில் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் சேர்ந்த 2023-இல்தான் அவர்கள் இருந்த பேக்-12 என்னும் விளையாட்டுக் கூட்டணி உடைந்தது. பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. பக்கத்து ஊரான யூஜீனில் இருக்கும் ஓரிகன் பல்கலைக்கழகமும் போய்விட்டது. 2030 வாக்கில் எல்லாக் கூட்டணிகளும் இன்னொரு முறை கலையும், பெரிய பல்கலைக்கழகங்கள் தனி லீக் அமைத்துக்கொள்ளும், தன் பல்கலைக்கழகத்துக்கு அதில் இடமே இருக்காது என்கிறான். சென்ற வாரம் சாப்பிடும்போது இந்தப் பேச்சு வந்தது. "விளையாட்டுதானே, படிப்பைப் பார்" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். நீங்கள் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்வது நடக்குமா? நான் சொன்னதில் என்ன தவறு?

ஒரு வாசகர், ஓரிகன்

அன்புள்ள நண்பருக்கு,

தவறு என்றுதான் சொல்வேன். அங்கே படிக்காத நம்மைப் போன்றவர்களுக்கு எளிதில் வரக்கூடிய தவறு. இந்தக் கூட்டணிகளை அங்கே கான்ஃபரன்ஸ் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குக் கூட்ட அரங்கமும் மேசையும்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு அது அண்டை வீட்டு உறவு. அருகருகே உள்ள பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடுவது என்று செய்துகொண்ட ஏற்பாடு. தாத்தா யாரோடு ஆடினாரோ அவர்களோடுதான் பேரனும் ஆடுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் யூஜீனிலிருந்து கோர்வாலிஸுக்குக் காரில் போனேன். ஒரு மணி நேரப் பயணம். வழியில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கொடிகள் பறந்தன. ஒன்று பச்சையும் மஞ்சளும், மற்றது ஆரஞ்சும் கறுப்பும். கணவர் ஒரு பல்கலைக்கழகம், மனைவி இன்னொன்று என்றார் காரோட்டிய நண்பர். அந்த இரண்டு அணிகளும் அமெரிக்கக் கால்பந்தில் 1894 முதல் மோதுகின்றன. நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாளையொட்டிக் குடும்பங்கள் கூடும் வாரத்தில் நடந்துவந்த அந்த ஆட்டம் கூட்டணி உடைந்ததும் செப்டம்பருக்கு நகர்ந்துவிட்டது. எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவை யாரோ வேறு மாதத்துக்கு மாற்றினால் நான் எப்படி உணர்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் மகன் தட்டை எடுத்துக்கொண்டு போனது புரிகிறது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இந்தக் கூட்டணி தொடங்கியது. 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் நான்கு கல்வி நிலையங்கள் கூடி உருவாக்கின: வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா, பின்னாளில் ஓரிகன் ஸ்டேட் என்று பெயர் பெற்ற வேளாண் கல்லூரி. அந்த நால்வரில் முதல் இருவர் இன்று மத்திய மேற்கு மாநிலங்களின் கூட்டணியான பிக் டென்னில் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா, அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் இருக்கிறது. பழைய வீட்டில் மிஞ்சியது உங்கள் மகனின் பல்கலைக்கழகம். உடன் நின்றது 1917-இல் வந்து சேர்ந்த வாஷிங்டன் ஸ்டேட்.

இதற்கு விதை 1984-இல் விழுந்தது. அதுவரை கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பே கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக்குழு தொடர்ந்த வழக்கில் அந்தப் பிடி சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் யார் அதிக வீடுகளில் பார்க்கப்படுகிறார்களோ அவர்களுக்கே விலை. 2022-இல் பிக் டென் செய்துகொண்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல். அதே ஆண்டு ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலீஸின் இரண்டு பெரும் பல்கலைக்கழகங்கள் அங்கே தாவுவதாக அறிவித்தன. மறு ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் இன்னும் ஐந்து பல்கலைக்கழகங்கள் பேக்-12-ஐ விட்டு விலகுவதாக அறிவித்தன. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் தொடக்க ஆண்டுகளில் மற்றவர்களின் பங்கில் 30 விழுக்காடு போதும் என்று ஒப்புக்கொண்டு ஏ.சி.சி.க்குப் போயின. ஸ்டான்ஃபோர்டு அப்படி நின்றதைப் படித்தபோது எனக்கு வேதனையாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனின் கணக்கு சரியானது. பிக் டென் ஒப்பந்தம் 2030-இல் முடிகிறது, பிக் 12 என்ற இன்னொரு கூட்டணியின் ஒப்பந்தம் 2031-இல். ஏ.சி.சி.யிடமிருந்து விலகத் தரவேண்டிய தொகை, அதன் உறுப்பினர்களான ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் போட்ட வழக்குகள் 2025-இல் சமரசமானதையடுத்து, ஆண்டுக்காண்டு குறைந்து 2030-31-இல் ஏழரைக் கோடி டாலருக்கு வந்துவிடும். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களின் ஒப்பந்தம் 2031-32 வரை. இத்தனை பூட்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கின்றன. பணத்தேவையும் கூடியிருக்கிறது: 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம் என்று ஆனது, முதல் ஆண்டின் வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆகவே இன்னொரு கலைப்பு வரும் என்றே நம்புகிறேன். தனி லீக் ஒன்று ஒரே நாளில் பிறந்துவிடாது. பிக் டென்னும், தெற்கத்தியக் கூட்டணியான எஸ்.இ.சி.யும் ஏ.சி.சி.யிலிருந்து நல்ல விலை போகக்கூடிய சிலரை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியவர்கள் மறுபடி ஒருவரையொருவர் தேடுவார்கள்.

அதைத் தடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கால்பந்துக்காக மற்ற எல்லா விளையாட்டுகளையும் ஏன் இழுத்துக்கொண்டு போகவேண்டும்? இதைத்தான் உரக்கக் கேட்க விரும்புகிறேன். கால்பந்து அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள், வாரத்துக்கு ஒன்று. தனி விமானத்தில் போய் வரலாம். சாஃப்ட்பால் ஆடும் பெண்களுக்கோ ஒரு பருவத்தில் ஐம்பது ஆட்டங்கள் வரை வரும். லாஸ் ஏஞ்சலீஸும் நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸும் இன்று ஒரே கூட்டணி, இடையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அந்தப் பெண்களில் எவரும் தொலைக்காட்சிக்காரர்களோடு பேரம் பேசவில்லை. திங்கட்கிழமை காலை வகுப்பில் தூங்கி விழுவது அவர்கள்தான்.

கால்பந்தை மட்டும் தனியே பிரித்து, அது எங்கு வேண்டுமானாலும் பறக்கட்டும் என்று விட்டுவிட்டு, கைப்பந்தும் சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் பழைய அண்டை வீட்டாரோடு ஆடினால் என்ன? இது கற்பனை இல்லை. நாட்டர் டேம் பல்கலைக்கழகம் தன் மற்ற பெரும்பாலான விளையாட்டுகளை ஏ.சி.சி.யில் வைத்துக்கொண்டு, கால்பந்தை எந்தக் கூட்டணியிலும் சேர்க்காமல் ஆடுகிறது. உங்கள் மகனின் பல்கலைக்கழகமே 2024 முதல் இரண்டு ஆண்டுகள் கூடைப்பந்து முதலிய பல விளையாட்டுகளை வெஸ்ட் கோஸ்ட் கூட்டணியில் ஆடியது. நெருக்கடியில் செய்ததுதான், ஆனாலும் வழி இருக்கிறது என்று காட்டிவிட்டது. கால்பந்து வருமானம்தான் மற்றவற்றைத் தாங்குகிறது என்பார்கள். உண்மை. ஆனால் கூட்டணியைப் பிரிப்பதால் கருவூலம் பிரியாது. பணம் அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும், பயணச் செலவு குறையும். 2030-இல் பேரம் பேச உட்காருகிறவர்கள் இதை மேசையில் வைக்கவேண்டும். முன்னாள் மாணவர்கள் இப்போதே கேட்டால்தான் அப்போது வைப்பார்கள்.

எல்லாக் கலைப்பும் இழப்பு மட்டும் அல்ல. 2011-க்குப் பின் நின்றுபோயிருந்த டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம் மோதல், டெக்சஸ் பல்கலைக்கழகம் எஸ்.இ.சி.க்கு மாறியதால்தான் 2024-இல் திரும்பியது. ஆனால் ஓக்லஹோமாவின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வருடாந்தரக் கால்பந்து ஆட்டம், அவற்றில் ஒன்று டெக்சஸோடு சேர்ந்து எஸ்.இ.சி.க்குப் போனதால், 2023-உடன் நின்றது.

இன்னொன்று, மகனிடம் மெதுவாகச் சொல்லுங்கள். 2026 ஜூலை 1 முதல் பேக்-12 மீண்டும் எழுகிறது. பாய்ஸி ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்தும் மவுண்டன் வெஸ்ட் என்ற கூட்டணியை விட்டு வருகின்றன. அங்கே மிஞ்சிய நெவாடாவிலும் வயோமிங்கிலும் எவனோ ஒரு மாணவன் இதே போலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பான்.

வசந்தத்தில் கோர்வாலிஸில் பேஸ்பால் தொடங்கும். கோஸ் மைதானத்தில் 1907 முதல் ஆடுகிறார்கள். 2025-இல் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனித்து ஆடி, ஒமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை போன அணி அது. ஒரு சனிக்கிழமை மகனோடு போய் உட்காருங்கள். விதிகளை அவனே உங்களுக்குச் சொல்லட்டும்.

அன்புடன்.