என்ஜின் கேள்வி-பதில்: உட்கார்ந்தால் பொருந்திவிட்டதா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு என்ஜின்களைக் கழற்றிப் பிரிக்கிற காலமும் அதுதான். கழற்றிய இடத்தில் புது உதிரி கிடைக்காமல், வேறு என்ஜினின் பாகத்தைப் போடலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் விசைப்படகில் இருப்பது 6 சிலிண்டர் லாரி என்ஜின். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் வளைவுத் தண்டு) உடைந்துபோனது. பழைய இரும்புக்கடையில் அதே மாடல் என்று சொல்லி ஒரு கிராங்கும் மூன்று கன்ராடும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) கொடுத்தார்கள். பிளாக்கில் அழகாக உட்காருகிறது. ஆனால் எல்லா மெயின் கேப்பையும் (கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மூடி) இறுக்கினால் கிராங்க் சுற்ற மறுக்கிறது. பேரிங்கை லேசாகச் சுரண்டிவிடலாம் என்கிறார் ஃபிட்டர். செய்யலாமா?
— வாசகர், சோனாங்குப்பம்

பதில்: சுரண்டக் கூடாது. பழைய காலத்து ஒயிட்மெட்டல் பேரிங்கில் பூச்சு தடிமனாக இருந்தது, சுரண்டிப் பொருத்தினார்கள். இப்போதைய ஷெல் பேரிங்கின் (இரண்டு அரைவட்டத் தகடாக வருவது) மேல் பூச்சு ஏறத்தாழ 0.02 மி.மீ.தான், ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட இல்லை. இரண்டு முறை சுரண்டினால் அடியில் இருக்கும் உலோகம் தெரிந்துவிடும்.

எங்கே பிடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எல்லாக் கேப்பையும் தளர்த்தி, பேரிங்கில் எண்ணெய் தடவி, நடுக் கேப்பை மட்டும் முழு டார்க்கில் (கம்பெனி சொன்ன இறுக்க அளவில்) இறுக்கிக் கையால் சுற்றுங்கள். பிறகு அதைத் தளர்த்திவிட்டு அடுத்ததை இறுக்குங்கள். தனியாக இறுக்கும்போதே ஒரு கேப் பிடித்தால், குற்றம் அந்த ஜர்னலிலோ (கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) அதன் ஷெல்லிலோ கேப்பிலோ இருக்கிறது. தனித்தனியாக எல்லாம் சுற்றி, சேர்த்து இறுக்கும்போது மட்டும் பிடித்தால் கிராங்க் வளைந்திருக்கிறது, அல்லது பிளாக்கின் லைன் போய்விட்டது, அதாவது பேரிங் இடங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. வளைவைப் பார்க்க, இரண்டு முனை ஜர்னலையும் வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) வைத்துச் சுற்றுங்கள்.

ஒரே ஒரு கேப் பிடித்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கேப் இடம் மாறியிருக்கிறதா, திரும்பியிருக்கிறதா. மெயின் கேப்புகளை பிளாக்கோடு சேர்த்து இறுக்கித்தான் கம்பெனியில் துளையைக் கடைகிறார்கள். அதனால் கேப்பில் குத்திய எண்ணும் அதன் திசையும் மாறக் கூடாது. இன்னொரு பிளாக்கின் கேப்பும் ஆகாது.

இரண்டு, சைஸ். கடையில் வாங்கிய கிராங்கை ஏற்கெனவே யாராவது கிரைண்டிங் செய்திருக்கலாம். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு இடத்தில், இரண்டு திசையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து எழுதுங்கள். வழக்கமான அண்டர்சைஸ் (கிரைண்டிங்கில் குறைக்கும் விட்டம்) 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ., அதாவது 10, 20, 30, 40 தவ். ஷெல்லின் முதுகில் அதே எண் குத்தியிருக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஜர்னல் பக்கச் சுவரைத் தொடுகிற மூலையில் ஒரு வளைவு உண்டு. கிராங்க் அங்கேதான் முதலில் விரிசல் விடும் என்பதால் அந்த வளைவு வேண்டும். மாடல் மாறினாலோ, கிரைண்டிங்கில் கல் மாறினாலோ வளைவு பெரிதாகிவிடும். அப்போது ஷெல்லின் விளிம்பு அதன் மேல் ஏறி நிற்கும். கழற்றிப் பார்த்தால் ஷெல் ஓரத்தில் மயிரிழை போல ஒரு பளபளப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு இருந்தால் அந்த ஷெல் இந்தக் கிராங்குக்கு ஆகாது.

சுற்ற ஆரம்பித்த பிறகும் வேலை இருக்கிறது. பிளாஸ்டிகேஜ் நூல் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் நூல்) வைத்து, ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது. ஜர்னல் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு தவ் என்பது பட்டறைக் கணக்கு: 75 மி.மீ. ஜர்னலுக்கு சுமார் 0.075 மி.மீ. கம்பெனிப் புத்தகம் இருந்தால் அதில் உள்ள எண்ணே சரி. பிளாக்கின் ஆயில் ஓட்டையும் ஷெல்லின் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். அரை ஓட்டை மறைந்தாலும் அந்தப் பேரிங்குக்கு எண்ணெய் பற்றாது. இடைவெளி கூடுதலாக வந்தால் ஷெல்லுக்கு அடியில் தகடோ பேப்பரோ வைக்காதீர்கள். சூடு பிளாக்குக்கு இறங்காமல் ஷெல் கருகும்.

மூன்று கன்ராடு பற்றி: ராடும் அதன் கேப்பும் ஒரே ஜோடிதானா என்று குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பழைய ராடையும் வந்த ராடையும் சேர்த்து சின்ன முனையில் ஒரே பின்னைச் செருகினால், பெரிய முனை இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். பிறகு ஆறையும் எடை போடுங்கள். எடை வித்தியாசம் சில கிராமுக்குள் இல்லையென்றால் மூன்றை மட்டும் போடாமல், ஒரே எடையில் ஆறு ராடு தேடுங்கள்.

கேள்வி: 8 எம்எம் போல்ட் கிடைக்கவில்லை. 5/16 போல்ட் இரண்டு சுற்று நன்றாகவே ஏறுகிறது, பிறகு இறுகுகிறது. ஸ்பானர் போட்டு ஏற்றிவிடலாமா?
— வாசகர், தாழங்குடா

பதில்: ஏற்றினால் மரை போய்விடும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., அதனால்தான் நுழைகிறது. ஆனால் 8 எம்எம் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ.; 5/16 முரட்டு மரையில் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது 1.41 மி.மீ. அலுமினியத்தில் ஏற்றினால் போல்ட்டைக் கழற்றும்போது மரையும் சுருளாகக் கூடவே வரும். மரை இடைவெளியைப் பார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஃபைபர் படகின் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜினில் அதே போர் (சிலிண்டர் உள்விட்டம்) சைஸ் உள்ள வேறு மாடல் பிஸ்டனைப் போட்டோம். ஹெட்டில் தட்டியது. இரண்டு ஹெட் கேஸ்கட் வைத்ததும் தட்டல் நின்றது. ஆனால் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை.
— வாசகர், வீராம்பட்டினம்

பதில்: போர் ஒன்றாக இருந்தால் போதாது. பிஸ்டன் பின் (பிஸ்டனையும் கன்ராடையும் இணைக்கும் குச்சி) செருகும் ஓட்டையிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் மாறியிருக்கிறது. தட்டியதன் காரணம் அதுதான். இரண்டு கேஸ்கட் வைத்ததில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு மேல் கூடி, அமுக்கம் குறைந்துவிட்டது. குளிர்ந்த என்ஜினில் டீசல் பற்றாமல் வெள்ளையாக வெளியே வருகிறது.

ஒரே கேஸ்கட்டோடு அளந்து பாருங்கள். 1.5 மி.மீ. ஈயக் கம்பித் துண்டு இரண்டை பிஸ்டன் தலையில், பிஸ்டன் பின் கிடக்கும் கோட்டுக்கு நேராக, பள்ளத்துக்கு வெளியே கிரீஸ் தடவி ஒட்டுங்கள். வேறு இடத்தில் ஒட்டினால் பிஸ்டன் சாய்ந்து தப்பான அளவு வரும். ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, என்ஜினைக் கையால் மெதுவாக மேல் முனை தாண்டும்வரை ஒரு முறை சுற்றுங்கள். தடை கடினமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய ஈயத்தை அளந்தால் அதுதான் இடைவெளி. அதை உங்கள் மாடலுக்குச் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். காற்றில் குளிரும் என்ஜினாக இருந்தால் சிலிண்டர் அடியில் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துச் சரிசெய்வது முறையான வழி. அந்த என்ஜின்களுக்கு ஷிம் பல தடிமனில் வருகிறது.

ஷிம்மால் தீராதது ஒன்று உண்டு. தலையில் உள்ள பள்ளத்தின் வடிவமும் நாசில் தெளிக்கும் கோணமும் ஒன்றுக்கொன்று பேசிவைத்தவை. பள்ளம் மாறினால் டீசல் ஓரத்தில் அடிக்கும், கருப்புப் புகை வரும், சில வேளை பிஸ்டன் தலையே உருகும். பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பள்ளத்தை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்தப் பிஸ்டனைத் திருப்பிக் கொடுங்கள். நாசில் அடியில் உள்ள செப்பு வாஷர் ஒன்றுதான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழையது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே இன்னொன்று போட்டுவிடுவது நடக்கிறது.

கேள்வி: என்ஜின் எஸ்ஏஇ 3, கியர்பாக்ஸ் எஸ்ஏஇ 2 (இரண்டும் சேரும் வாயின் அளவு எண்). இடையில் தகடு வெட்டி, ஓட்டை போட்டு மாட்டலாமா?
— வாசகர், தேங்காய்த்திட்டு

பதில்: மாட்டலாம். ஆனால் ஓட்டை மட்டும் போட்டால் போதாது. எஸ்ஏஇ 3-ல் போல்ட் வட்டம் 428.6 மி.மீ., எஸ்ஏஇ 2-ல் 466.7 மி.மீ.; இரண்டிலும் 12 போல்ட். போல்ட் வேலை இறுக்குவது. மையத்தைப் பிடிப்பது உள்வட்டப் படி (ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் விளிம்பு): எஸ்ஏஇ 3-ல் 409.6, எஸ்ஏஇ 2-ல் 447.7 மி.மீ. வெறும் தகடு வைத்தால் ஓட்டையில் உள்ள ஆட்டத்துக்குத் தக்கபடி கியர்பாக்ஸ் தன் எடையில் கீழே தொங்கும். முதலில் டாம்பர் பிளேட்டின் (ஃப்ளைவீலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஸ்பிரிங் தட்டு) ஸ்பிரிங் உடையும், அடுத்து இன்புட் ஆயில் சீல்.

வெறும் தகட்டுக்குப் பதில் வளையம் செய்யுங்கள்; லேத்தில் அதன் இரண்டு படியையும் ஒரே பிடிப்பில் கடையச் சொல்லுங்கள். மாட்டியதும் ஃப்ளைவீலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றி, வளையத்தின் உள்வட்டத்தைப் பாருங்கள். முள் மொத்தம் 0.2 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. வளையத் தடிமன் அளவுக்கு கியர்பாக்ஸ் பின்னால் போகும். கியர்பாக்ஸ் தண்டின் ஸ்ப்ளைன் (தண்டில் வெட்டிய பற்கள்) முழு நீளமும் டாம்பர் பிளேட்டுக்குள் நுழைகிறதா என்று, அதில் மை தடவி மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைக் கரையில் வைத்துச் சரிபார்த்ததோடு விட்டுவிட வேண்டாம். தண்ணீரில் இறக்கி ஒன்றிரண்டு நாள் விட்டு, டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு போல்ட்டைத் தளர்த்தி நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விடுங்கள். 100 மி.மீ. கப்ளிங்கில் எதிரெதிர்ப் பக்க வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் வரும்வரை என்ஜின் காலில் ஷிம் மாற்றுங்கள். அதன் பிறகு முகத்துவாரம் தாண்டலாம்.