பெரிய பிள்ளைகள் வாய் திறக்க வேண்டுமென்றால்

பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் சபையில் நீங்கள் ஞாயிறுதோறும் நடத்தும் ஓய்வுநாள் பாடசாலை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறீர்கள், சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போய் எல்லாம் அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையைச் சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் கேட்டவர்களிடம் "இளையவன் எங்கே போனான்?" என்றால், "தூர தேசம்" என்று முனகிவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்த ஞாயிறு அந்தக் கதை வருகிற லூக்கா 15-ஐ 25ஆம் வசனத்திலிருந்து மட்டும் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். திரும்பிவந்த தம்பிக்கு விருந்து நடக்கிறது என்று மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், தகப்பன் வந்து வருந்திக் கூப்பிடுகிறார், கடைசியில் அவன் உள்ளே போனானா என்று வேதம் சொல்லவே இல்லை. "அவன் கேட்டது நியாயம்தானே, ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். (அந்த மௌனம் தாங்காமல் நாமே விளக்கம் சொல்லத் தொடங்குவதுதான் பாதி வியாதி.) வீட்டில் தம்பி தங்கை இருக்கிற யாராவது பெரும்பாலும் ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம், பேச ஆரம்பித்தால் வீட்டுப் பிரச்சினையும் வரும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்; பாலியல் தொல்லை என்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.