அலமாரிக்குள் ஒரு நாய்

அன்புள்ள அம்மா,

வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இந்த ஆண்டு தினமும் முதல் 10 நிமிடத்தைக் கற்பனையாக எழுதுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பலகையில் ஒரு தலைப்பு எழுதுவேன். 'மழைநாள்', 'என் கனவு', 'நான் பறவையானால்', இப்படி. 32 பிள்ளைகளில் ஆறேழு பேர் உடனே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் பென்சிலைச் சீவுகிறார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள். சிலர் எந்தத் தலைப்பு கொடுத்தாலும் 'நான் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன்' என்றே எழுதுகிறார்கள். ஒரு பையன் மூன்று வாரமாக ஒரே வரிதான் எழுதுகிறான்: 'எனக்கு ஒன்றும் தெரியாது.'

மாலையில் அத்தனை நோட்டையும் திருத்தி முடிப்பதற்குள் ஓய்ந்துபோகிறேன். திருத்தாமல் விட்டாலோ, இவ்வளவு பிழை இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கற்பனை சில பிள்ளைகளுக்குத்தான் வாய்க்குமா? பேசாமல் இதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் எழுத்துப் பயிற்சி கொடுக்கலாமா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நிறுத்தாதீர்கள். ஒரு நாளில் 10 நிமிடம் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்துவிட்டீர்கள். மாற்ற வேண்டியது இரண்டே இரண்டு. தலைப்பு கொடுப்பதை விட்டுவிடுங்கள். அந்த நோட்டில் சிவப்பு மை படக் கூடாது.

பலகையில் 'மழைநாள்' என்று எழுதியதும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். எத்தனையோ மழை அதன் நினைவில் இருக்கும். எந்த மழை, எங்கிருந்து தொடங்குவது? அதற்குள் கைக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. 'ழ'வா 'ள'வா, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, துணைக்கால் போட்டோமா இல்லையா, இந்த வரியில் இடம் இருக்கிறதா. இரண்டாவது சொல்லை எழுதி முடிப்பதற்குள் மனதில் வைத்திருந்த ஐந்தாவது சொல் நழுவிப் போயிருக்கும். நமக்கு எழுத்து கையில் ஊறிவிட்டது, அதனால் இந்தப் பாடு மறந்துபோயிற்று. ஒரே நேரத்தில் மனது தாங்கக்கூடியது கொஞ்சம்தான். அதில் பெரும்பகுதியை எழுத்தின் வடிவமே பிடித்துக்கொண்டால் கதைக்கு எங்கே இடம்?

அதனால், உடனே எழுதுகிற அந்த ஆறேழு பேருக்குத்தான் கற்பனை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களில் பலருக்குக் கை வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். பென்சில் சீவிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையை அருகில் உட்கார வைத்து, "நீ சொல்லு, நான் எழுதுறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் கைதான் வலிக்கப்போகிறது.

தலைப்புக்குப் பதிலாக என்ன கொடுப்பது? பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் பிடி. எனக்குத் தெரிந்ததிலேயே மிக நல்ல பிடி, இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜான்னி ரோதாரியுடையது. இளமையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1972ல் ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்தில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று நாள் கணக்கில் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு சொல் கதையாகாது, இரண்டு சொல் வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்க வேண்டும். 'குதிரை, நாய்' என்றால் இரண்டும் விலங்கு, மனது அசையாமல் உட்கார்ந்துவிடும். 'நாய், அலமாரி' என்றால் இரண்டையும் சேர்க்க மனது எழுந்து நடந்தே ஆக வேண்டும். அந்தச் சொற்களைப் பெரியவர்கள் தேர்ந்தெடுக்கவும் கூடாது. ஒரு பிள்ளை பலகையின் இந்தப் பக்கம் ஒரு சொல் எழுதும். இன்னொரு பிள்ளை, அதைப் பார்க்காமல், அந்தப் பக்கம் ஒன்று எழுதும். பலகையைத் திருப்பியதும் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு சொல்லையும் கோக்க ரோதாரி இத்தாலிய மொழியின் முன்னிடைச் சொற்களை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் சின்ன இணைப்புச் சொற்களைப் பயன்படுத்தினார். நமக்கு அதைவிட வசதி. வேற்றுமை உருபு இருக்கிறது. நாயின் அலமாரி. சரி, நாய்க்கென்று ஒரு அலமாரி இருந்தால் உள்ளே என்ன வைத்திருக்கும்? அலமாரிக்குள் நாய். யார் பூட்டினார்கள், எப்போதிலிருந்து? நாயைத் தேடும் அலமாரி. நாயால் திறக்க முடியாத அலமாரி. அலமாரியோடு வீடு மாறிய நாய். ஒரு உருபை மாற்றினால் ஒரு கதவு திறக்கிறது. ஐ, ஆல், கு, இன் என்று பின்னால் மனப்பாடம் செய்யப்போகும் பட்டியலை உங்கள் பிள்ளைகள் இப்போதே விளையாட்டுச் சாமானாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். இலக்கணம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பலகையில் இப்படி நாலு வாக்கியம் எழுதி, "இதில் எது பிடிச்சிருக்கு, அதை எழுது" என்றால் போதும்.

ஒருமுறை ஒரு மூன்றாம் வகுப்பில் இதைச் செய்தோம். வந்த சொற்கள் 'குடை', 'பல்'. ஐந்து நிமிடம் கழித்து ஒரு சிறுமி நோட்டை நீட்டினாள். இருந்தது நாலு வரி:

"குடைக்கு பல் முளச்சுது. அது மழைய கடிச்சுது. மழை அழுதுச்சு. அதான் மழை."

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மழை என்பது மழையின் அழுகை என்று இத்தனை வருடம் எழுதியும் எனக்குத் தோன்றியதில்லை. 'முளைத்தது', 'மழையைக் கடித்தது' என்று நான் மூன்றாவது சொல்லிலேயே திருத்த ஆரம்பித்திருந்தால் அந்த நாலாவது வரி வந்திருக்காது. பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் வேறாக இருப்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சுமை. மனதில் 'கடிச்சுது' என்று வருகிறது, கை 'கடித்தது' என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. இந்த ஒரு நோட்டிலாவது பேசுவது போல எழுதட்டும் என்று விடுங்கள். எழுத்துத் தமிழ் கற்றுத்தர நாள் முழுக்க மற்ற பாடவேளைகள் இருக்கின்றன. பாடுகிறவர்கள் மேடையேறும் முன் குரலைப் பழக்கிக்கொள்வதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அப்புறம், பெற்றோர் கேட்கும் கேள்வி. அது நியாயமான கேள்விதான், மழுப்ப வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்: 'இது எழுதிப் பழகும் நோட்டு. இதில் பிழை திருத்தப்படாது. பிழைகளை நான் கவனித்து, வகுப்பில் தனியாகச் சொல்லித் தருகிறேன்.' சொன்னபடி செய்யவும் வேண்டும். பாதிப் பேர் 'ல', 'ழ' மாற்றி எழுதுகிறார்கள் என்றால் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வேறொரு பாடவேளையில் அதற்கென்று கொஞ்ச நேரம் எடுங்கள். நோட்டில் நீங்கள் எழுத வேண்டியது பதில். ஒரு பிள்ளை 'நேத்து மலை பெய்தது' என்று எழுதியிருக்கிறது. 'மலை'யைச் சுழிக்காமல் கீழே இப்படி எழுதுங்கள்: 'மழை பெய்தபோது நீ எங்கே நின்றாய்?' சரியான எழுத்து பிள்ளையின் கண்ணில் படும். டீச்சர் நம்மிடம் ஒன்று கேட்கிறார் என்பதும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது அது 'மழை' என்று சரியாக எழுதிப் பார்க்கவும் வாய்ப்பு இருக்கிறது. 32 நோட்டுக்கும் தினமும் எழுத முடியாது. ஒரு நாளைக்கு ஏழு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒரு சுற்று வந்துவிடும், உங்கள் மாலைப் பொழுதும் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

10 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் இரண்டு நிமிடம் பேச்சு. இதைத் தயவுசெய்து விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் என்ன எழுதப்போகிறேன் என்று வாயால் சொல்லிவிட்ட பிள்ளைக்கு முதல் வாக்கியம் கையில் தயாராக இருக்கும். அடுத்த ஐந்து நிமிடம் எழுத்து. நீங்களும் எழுதுங்கள், அதே சொற்களை வைத்து, அடித்துத் திருத்தி. டீச்சரும் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே பார்த்து யோசிப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மிச்ச நேரம் வாசிப்பு, விரும்புகிறவர்கள் மட்டும். 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்க வேண்டும். நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்தில்கூட நிறுத்திவிடலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் படம் வரைந்து ஒரு வரி எழுதினால் போதும்.

ஆண்டு முழுவதற்கும் நாளுக்கு ஒன்றாகத் தலைப்புப் பட்டியல்கள் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தினமும் புதுசு என்றால் பிள்ளைகள் தினமும் புதியவர்களாகவே இருக்கிறார்கள். ஒரே விளையாட்டை ஒரு வாரம் ஆடுங்கள், சொற்கள் மட்டும் மாறட்டும். திங்கட்கிழமை தடுமாறுகிற பிள்ளை வியாழக்கிழமை தானாகவே இரண்டு சொல் கொண்டுவரும்.

இன்னும் உறைந்தே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, எல்லோரும் சேர்ந்து ஒரு கவிதை எழுதலாம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோச் 1960களின் கடைசியில் நியூயார்க்கின் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய்ச் செய்தது இது. ஆளுக்கு ஒரே ஒரு வரி. எல்லா வரியும் 'எனக்கு ஆசை' என்ற பொருளில் தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறம், ஒரு ஊர், படக்கதையில் வரும் ஒருவர் எல்லாம் இருக்க வேண்டும். எதுகை, மோனை போன்ற ஓசைக் கட்டு எதுவும் வேண்டாம். தாள்களை வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் கவிதை. ஒரு வரி யாரையும் பயமுறுத்தாது. தன் வரி வரும் இடத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்' என்று எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. அது பாதுகாப்பான வரி, அதில் தப்பு வர வழியில்லை. அவர்களிடம் புதிதாக எழுதச் சொல்லாதீர்கள். அதே காலையைக் கொடுங்கள், ஆனால் "உன் இடது கை இன்னிக்குக் காலைல என்னெல்லாம் செஞ்சுது? அது மட்டும்" என்று கேளுங்கள். பல் துலக்கும்போது இடது கை என்ன செய்தது? குழாயைப் பிடித்திருந்ததா, இடுப்பில் இருந்ததா? எழுதுகிற பிள்ளை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கும். அன்றைக்கு எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக அந்தப் பையன். அவன் மூன்று வாரமாக ஒன்றுமே எழுதவில்லை என்று நினைக்கிறீர்கள். தினமும் ஒரு முழு வாக்கியம் எழுதுகிறான், அதுவும் உண்மையான வாக்கியம். நான் இதே போல் ஒருவனைப் பார்த்திருக்கிறேன். அவன் நோட்டில் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்பதற்குக் கீழே, 'அப்படியா? உனக்குத் தெரியாத மூன்று விஷயத்தைச் சொல்' என்று எழுதினேன். அடுத்த நாள் எழுதியிருந்தான்:

"எறும்பு எப்ப தூங்கும்னு தெரியாது. கண்ண மூடினா கலர் எங்க போகுதுன்னு தெரியாது. அப்பா ஏன் இப்பல்லாம் பாட்டு பாடுறதில்லன்னு தெரியாது."

மூன்றாவது வரியை நான் வகுப்பில் வாசிக்கவில்லை, அவனையும் வாசிக்கச் சொல்லவில்லை. இடைவேளையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா முன்பு என்ன பாட்டு பாடுவார் என்று மட்டும் கேட்டேன். மெதுவாகப் பாடிக் காட்டினான். பிள்ளைகளின் நோட்டில் இப்படி ஏதாவது வரும், டீச்சர். வந்தால் அதை முதலில் ஒரு பிள்ளை சொன்ன செய்தியாகப் படியுங்கள். எழுத்தாக அப்புறம் படிக்கலாம். பெரியவர்கள் தலையிட வேண்டிய அளவுக்கு ஏதாவது தெரிந்தால் மட்டும் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசுங்கள், அதுவும் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு.

உங்கள் பையனின் நோட்டை இன்று மாலை முதலில் எடுங்கள். அந்த வரிக்குக் கீழே உங்களுக்கே தெரியாத ஒன்றை உண்மையாக எழுதுங்கள். அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு நோட்டை மூடி வையுங்கள். அவன் என்ன எழுதினான் என்று, அவனுக்குச் சம்மதமென்றால், எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்