'பவர் சேவர்' மாட்டியும் பில் குறையவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. 'மத்திய அரசுச் சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர்' என்று வந்தவர், வீட்டில் மின்சாரம் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து அறிக்கை தர 6,000 ரூபாய் வாங்கினார். மெயின் போர்டில் 14,000 ரூபாய்க்கு 'பவர் சேவர்' பெட்டி மாட்டினார். கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினார். இரண்டு பில் வந்துவிட்டது, குறையவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் 'பில் குறையவில்லை' என்பதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். வெயில் அதிகம், ஏசி கூடுதலாக ஓடியது என்று அவர் சுலபமாகத் தப்பிவிடுவார். உங்கள் பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சான்று. எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) நடத்தும் தேசியத் தேர்வில் தேறியவர்தான் சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர். அவருக்குப் பதிவு எண் இருக்கும். அதை எழுத்தில் கேளுங்கள், பணியகத்தில் சரிபாருங்கள். வீடுகளுக்கு ஆலோசனை சொல்ல இந்தச் சான்று கட்டாயமில்லை. எனவே சான்று இல்லாதது குற்றமல்ல. இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியதுதான் தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. போலிச் சான்றிதழையே காட்டியிருந்தால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

இரண்டு, அந்தப் பெட்டி. இந்த வகைப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும். அது பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தை, திருத்தும். வீட்டு மீட்டரோ நாம் உண்மையில் செலவழிக்கும் யூனிட்டை மட்டுமே கணக்கிடுகிறது. பவர் ஃபேக்டர் திருந்தினாலும் அந்த யூனிட் குறையாது. இதுகூடத் தெரியாமல் விற்றிருந்தால் திறமையின்மை, தெரிந்தே விற்றிருந்தால் ஏமாற்று. உரிய சோதனை இல்லாமல் பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவதும் அதே பிரிவில் வருகிறது. 'சோதனை செய்துதான் சொன்னேன்' என்று அவர் வாதிட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. உங்கள் வழக்கில் மிக வலுவான புள்ளி இதுவே.

பெட்டியைத் திறக்காதீர்கள். மாட்டிய நிலையில் படம் எடுத்துவிட்டு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை உங்களைச் செலுத்தச் சொல்லலாம். அறிக்கை, ரசீது அல்லது யூபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேருங்கள். பில்லை ஒப்பிடும்போது முந்தைய பில்லோடு அல்ல, சென்ற ஆண்டின் அதே இரு மாதத்தோடு ஒப்பிடுங்கள், அதுவும் ரூபாயில் அல்ல, யூனிட்டில். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலை போய்விடும். அதனால் ரூபாய்க் கணக்கு குழப்பும்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதியலாம். சில சமயம் அதிலேயே பணம் திரும்பிவிடும். பலனில்லை என்றால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 20,000 ரூபாயுடன் மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். காலக்கெடு 2 ஆண்டுகள். சட்டம் மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயலச் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும்.

இனி யாரையாவது அழைத்தால், அவர் ஓராண்டின் ஆறு பில்களைக் கேட்கிறாரா, ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி ஒவ்வொன்றும் இழுக்கும் மின்சாரத்தைக் கருவி வைத்து அளக்கிறாரா என்று பாருங்கள். அளக்காமலே சதவீதம் சொல்பவருக்கும், தன் பரிந்துரைப் பொருளைத் தானே விற்பவருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.