பல்ஜ் வேறு, ப்ரொட்ரூட் வேறு

கேள்வி: என் முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ஒரு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) 'பல்ஜ்', அடுத்தது 'ப்ரொட்ரூஷன்' என்று இருக்கிறது. இரண்டுமே பிதுங்குவதுதானே?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. சாதாரண ஆங்கிலத்தில் பல்ஜ் என்றால் ஒரு பரப்பு உப்பி வளைவது, பெரும்பாலும் உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தால். துணியைத் திணித்த பையின் பக்கவாட்டைப் பாருங்கள். ப்ரொட்ரூட் என்பது ஒரு பகுதி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது, உள்ளே அழுத்தமே தேவையில்லை. பலகையில் முழுசாக இறங்காத ஆணி ப்ரொட்ரூட் ஆகும், பல்ஜ் ஆகாது. 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப்பகுதியில் ஜெர்மன் படை தாக்கியபோது நேசநாடுகளின் போர்முனைக் கோடு வரைபடத்தில் உப்பி வளைந்தது, அதனால்தான் அந்தப் போர் 'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' ஆனது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். டிஸ்க்கின் சுற்றளவில் 25 சதவீதத்துக்கு மேல் பரவலாக உப்பியிருந்தால் பல்ஜ் என்பார்கள். அதைவிடக் குறைந்த இடத்தில், அடிப்பகுதி அகலமாக இருக்கும்படி தள்ளியிருந்தால் ப்ரொட்ரூஷன். சொல்லை வைத்து மட்டும் பயந்துவிடாதீர்கள், வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இரண்டும் சகஜமாக வரும். நரம்பு அழுந்துகிறதா என்பதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.